ஓரம் வெட்டிய அட்டைகள்

போன மாதம் வைட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் கிரிக்கெட் அட்டை சேர்க்கும் இளைஞர்கள் கூடியிருந்தார்கள். என்னையும் மதித்துக் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தார்கள். உறைக்குள் அட்டை, உறையின் தலையில் ஒரு எண். வெளிநாட்டுக்கு அனுப்பினால் அங்கே யாரோ பார்த்து, பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று மார்க் போட்டு, திறக்க முடியாதபடி ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி மேடம் பண்ணீங்க? வெறும் கண்ணாலயேவா?" என்று ஒருவர் கேட்டார். கண்ணால் பார்க்காமல் காதாலா பார்ப்பார்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும், எழுதினால் கொஞ்சம் குறைவாக வரும்.

நான் தொண்ணூற்றொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா மாநில அரசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பி.காம். படித்து, கல்யாணமாகி, பையன் பள்ளிக்கூடம் போன பிறகு டைப்பிஸ்ட் வேலை தேடினேன். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில், துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். பழைய தபால்தலை, நாணயம், படம் போட்ட தபால் அட்டை இவற்றை வாங்கி, லிஸ்ட் அச்சடித்து, தபாலில் ஏலம் விடுவார்கள். விளையாட்டு அட்டை ஒரு மூலையில் இருந்தது. மூன்றே வருஷத்தில் டைப்ரைட்டரை விட்டு அந்த மூலைக்கு நான் போய்ச் சேர்ந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள், யாரும் அங்கே உட்கார ஆசைப்படவில்லை.

அந்த அட்டைகள் வெள்ளைக்காரர் காலத்துச் சமாசாரம். சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு விறைப்பான சின்ன அட்டையை வைத்தார்கள். முகத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரரின் வண்ணப்படம், முதுகில் அவரைப் பற்றி நாலு வரி. ஐம்பது ஆட்டக்காரர் சேர்ந்தால் ஒரு செட். கண்டோன்மென்ட்டில் பட்டாளத்துக்காரர்கள் ஊதித் தள்ளிய சிகரெட்டுக்கு இந்த ஊரில் இல்லாத அட்டையா? இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்குப் பைத்தியமாய் அலைகிறவர்கள் இருந்தார்கள்.

என் மேலதிகாரி பத்மநாபா சார். கன்னடக்காரர், எங்களோடு தமிழ் பேசுவார், கோபம் வந்தாலும் துக்கம் வந்தாலும் கன்னடத்துக்குப் போய்விடுவார். ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டை, பொத்தான் கழுத்துவரை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவர் எதிரே உட்கார்ந்து ஒரு அட்டையைத் தப்பாகப் பிடித்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு, நாம் சரியாகப் பிடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அவருடைய முறையைச் சொல்கிறேன். முதலில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். எண்ணெய் தடவிய தலையைத் தொட்ட கை ஆகாது, பூவைத் தொட்ட கையும் ஆகாது. அவரால் ஆபீசுக்குப் பூ வைத்துக்கொண்டு போவதையே விட்டேன். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், குண்டு பல்பு அட்டையின் பழுப்பை மறைத்துவிடும். அட்டையைக் கவிழ்த்து முதலில் முதுகைத்தான் பார்க்க வேண்டும். "முகம் நோடிதரே, முகத்தப் பாத்தா, மயங்கிடுவீங்க வசந்தாம்மா. முதுகு பொய் சொல்லாது" என்பார். முதுகில் கோந்துக் கறை, பென்சில் கிறுக்கல், பூஞ்சை. அப்புறம் லென்ஸ் வைத்து நாலு மூலை. அப்புறம் நாலு ஓரம். அட்டையைச் சாய்த்துப் பிடித்து மினுமினுப்பு. எஃகு ஸ்கேல் வைத்து நீளமும் அகலமும். கடைசியில் முகர்ந்து பார்ப்பது. பூச்சி உருண்டை வாசனை அடித்தால் பாதகமில்லை, ஈரத்துணி வாசனை அடித்தால் உள்ளே பூஞ்சை இறங்கிவிட்டது. முகத்தில் இருக்கும் ஆட்டக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவருக்குக் கடைசி இடம்தான்.

அவரும் நானும் ஒரே அட்டையைத் தனித்தனியாகப் பார்ப்போம். ஆளுக்கொரு சீட்டில் தரத்தை எழுதிக் கவிழ்த்து வைப்போம். இரண்டு சீட்டும் கவிழும்வரை பேசக்கூடாது. பிறகு திருப்பினால், இரண்டில் எது தாழ்வோ அதுதான் நிற்கும்.

இன்னும் இரண்டு வழக்கம் இருந்தது. ஒன்று, பொருளை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. பார்த்த உடனே உடையவர் கையிலேயே கொடுத்துவிடுவோம், லிஸ்ட் அச்சுக்குப் போகும் வாரத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டும். நான் சேருவதற்கு முன் யாரோ ஒருவர், என் அட்டையை மாற்றிவிட்டீர்கள் என்று வாசலில் நின்று ரகளை பண்ணியதால் வந்த வழக்கம். இன்னொன்று, குறை எதுவானாலும் உடையவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். "அவங்க பொருள். அதுல இருக்கறது அவங்களுக்குத் தெரியணும். மறைச்சா நாம திருடன்" என்பார் சார்.

அதில் அவர் எவ்வளவு கறார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உலகக் கோப்பை நடந்த வருஷம் பபிள்கத்தோடு வந்த கிரிக்கெட் அட்டை ஜுரம் ஊரெல்லாம் அடித்தது. அப்போது கம்ப்யூட்டர் கம்பெனி அதிகாரி ஒருவர், மாமனார் விட்டுப்போன பழைய அட்டை என்று ஒரு கட்டு கொண்டுவந்தார். எடுத்துப் பார்த்தால் எல்லாம் லேமினேஷன்! பழசு கெட்டுப்போய்விடுமே என்று கடையில் கொடுத்துப் பளபளவென்று போட்டு வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. சார் முகம் மாறவில்லை. "இது போயிடுச்சு. இனிமே இதுக்கு விலை கிடையாது. உங்க கைல கெட்டுது" என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷன், "பாதுகாத்து வெச்சது தப்பா?" என்று குதித்தார். "ஃப்ரேம் போட்டு மாமனார் படத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க சார், பூ வெக்க வசதியா இருக்கும்" என்றேன் நான். அவர் போன பிறகு சார் என்னைக் கண்டித்தார். உண்மையைச் சொல்லலாம், குத்திச் சொல்லக்கூடாதாம். சரி என்றேன்.

இப்போது ஏழுமலையிடம் வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் ஒருநாள் காலை, ஜோகுபாளையத்திலிருந்து வருகிறேன் என்று ஒருவர் மாடியேறி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அச்சகத்தில் பைண்டராக வேலை பார்த்தவர். பட்டர் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார். அவருடைய அப்பா ராணுவ மெஸ்ஸில் சமையல்கட்டு வேலை பார்த்தவர். துரைமார்கள் பெட்டியைப் பிரித்ததும் தூக்கியெறிந்த அட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்.

"என் சம்சாரத்துக்கு இதயத்துல வால்வு போயிட்சு மேடம்" என்றார். "ஆஸ்பத்திரில ஆபரேஷன் ஃப்ரீயா பண்றாங்கோ. வால்வு மட்டும் நாமளே வாங்கித் தரணுமாம். அதுக்குத்தான் வந்தேன். கீழ துணிக்கடைல குந்தினு இருக்குது, மாடி ஏற முடியாது அதால."

நான் தண்ணீர் கொடுக்கக் கீழே இறங்கினேன். அவர் மனைவி கனகம்மா துணிக்கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்க பசங்க இன்னா படிக்கிறாங்கோ?" என்று என்னை விசாரித்தார். அந்த நிலைமையில் பிறத்தியார் பிள்ளைகளை விசாரிக்க எப்படித்தான் மனசு வந்ததோ. இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த அம்மாள் அந்த வருஷத்து மழைக்காலத்தைத் தாண்டவில்லை. நல்ல முடிவை எதிர்பார்த்து யாரும் மேலே படிக்க வேண்டாம்.

அட்டைகளைப் பார்த்தோம். ஐம்பதில் சரிபாதி இருந்தது. முதுகு சுத்தம், பூஞ்சை இல்லை. மூலைகள் லேசாக மழுங்கியிருந்தன, சில ஓரங்களில் காகிதம் மெல்ல நார் விட்டிருந்தது. அவ்வளவு வயசான பொருளுக்கு அது ஒரு குறையே இல்லை. என் சீட்டும் சார் சீட்டும் ஒன்றாகவே இருந்தன. "நன்று" என்று எழுதியிருந்தோம். சார் விலையைச் சொன்னதும் ஏழுமலை இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். வால்வுக்குப் போதும்.

அப்புறம் வழக்கப்படி குறையையும் சொன்னார் சார். "மூலை கொஞ்சம் மழுங்கல். ஓரம் அங்கங்க நார் விட்டிருக்கு. அது இல்லேன்னா இன்னும் மேல போயிருக்கும். பரவால்ல, இப்படியே இருக்கட்டும். வர்ற வாரம் எடுத்துட்டு வாங்க."

"இப்படியே இருக்கட்டும்" என்று சார் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். ஆனால் ஓரம் சரியில்லை என்று ஒரு பைண்டரிடம் சொன்ன பிறகு, மற்றது எதுவும் அவர் காதில் ஏறியிருக்காது.

அடுத்த வாரம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பொட்டலத்தைப் பிரித்து, சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் தட்டி நிறுத்தினார். ஒரு அட்டை முன்னே பின்னே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"ஓரம் நார் வுட்டுதுன்னு சொன்னீங்களே சார், எல்லாம் சரி பண்ணிட்டேன். மிஷின்ல ஏத்தல, நசுங்கிடும். கத்தி தீட்டி, கம்பி ஸ்கேல் வெச்சு கைலயே அறுத்தேன். ராத்திரி டூட்டி பாத்த காலத்துல கூட இவ்ளோ சுத்தமா வெட்னதில்ல."

எங்கள் தொழிலில் வெட்டிய அட்டை செத்த அட்டை. மழுங்கிய மூலைக்கு விலை உண்டு, நார்விட்ட ஓரத்துக்கும் உண்டு, கத்தி பட்ட ஓரத்துக்குக் கிடையாது. அட்டை அச்சிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்பதுதான் வாங்குகிறவன் கேட்கும் முதல் கேள்வி. பைண்டிங் தொழிலிலோ ஓரம் வெட்டாத புத்தகம் வேலை முடியாத புத்தகம். அந்த மனுஷன் தெரிந்த வேலையை, உயிரைக் கொடுத்துச் செய்திருந்தார்.

சார் எழுந்துபோய்க் கையைக் கழுவி வந்தார். நானும் கழுவினேன். ஒருவேளை ஒன்றிரண்டைத்தான் வெட்டியிருப்பாரோ என்று ஒவ்வொன்றாக எடுத்து அளந்தேன். லென்ஸில் ஓரம் வெள்ளைவெளேரென்று தெரிந்தது, பழைய அட்டையில் இருக்கும் பழுப்பு எங்கேயும் இல்லை. எல்லாமே ஒரு நூல் அளவு குறைந்திருந்தன, எல்லாமே ஒரே அளவுக்கு. சீட்டில் எழுதினேன். சாரும் எழுதினார். திருப்பினோம். இரண்டிலும் ஒரே வார்த்தை. வெட்டியது.

சார் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சீட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. உள்ளறைக்குப் போனவர் என்னைக் கூப்பிட்டார்.

"சொல்லிடலாம் சார்" என்றேன். "லேமினேஷன்காரருக்குச் சொன்னீங்களே."

"பேடா, வேண்டாம் வசந்தாம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவர் வீட்ல சும்மா கெடந்தத விக்க வந்தாரு, இவர் பொண்டாட்டி உயிர வெச்சிருக்காரு. உன் கையாலயே கெடுத்துட்டேன்னு நான் சொன்னா, ஆயுசு பூரா அந்தக் கையப் பாத்துட்டே இருப்பாரு. நன்ன கையல்லி ஆகல்லா."

என்னால் முடியாது என்கிறார். அதற்கு முந்தின வருஷம்தான் சாரின் மனைவி தவறியிருந்தார். ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்துப் பார்த்தும் கைவிட்டுப் போனவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், "தப்பு சார்" என்றுதான் சொன்னேன். "நான் பேசறேன், நீங்க சும்மா இருங்க" என்றார். அவர் அப்படி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்து ஏழுமலையிடம், மார்க்கெட் மாறிவிட்டது என்றார். இங்கிலாந்துக்காரர்கள் இப்போது முழு செட் இருந்தால்தான் கேட்கிறார்கள், பாதி செட்டுக்கு மதிப்பில்லை என்றார். வேண்டுமானால் இதை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு சிறு தொகையை எடுத்து மேஜையில் வைத்தார். அது அவர் சொந்தப் பணம், எனக்குத் தெரியும். வால்வு வாங்க அது எந்த மூலைக்கு?

ஏழுமலை பணத்தைத் தொடவில்லை. "முழு செட் இருந்தா?" என்று கேட்டார்.

"இருந்தா பேச்சே வேற" என்றார் சார். எங்கிருந்து வரப்போகிறது என்ற தைரியம்.

"சரி சார்" என்று அட்டைகளைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஏழுமலை படியில் தடதடவென்று இறங்கினார். துக்கத்தோடு போகிற ஆள் அப்படி இறங்க மாட்டான். சாரும் அதைக் கவனித்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, நல்ல மழையில், சந்தில் ஆட்டோ வந்து நின்றது. ஏழுமலை சட்டைக்குள் ஒரு தகர டப்பாவை அணைத்துக்கொண்டு மேலே வந்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஆட்டோவில் கனகம்மா சாய்ந்திருந்தார், மடியில் ஒரு துணிப்பை, கூஜா. இங்கே காரியம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப் புறப்பட்டு வந்திருக்கிறார்கள்.

"கேஜிஎஃப்ல எங்க அக்கா கீது சார்" என்றார் ஏழுமலை, மூச்சிரைக்க. "அப்பா சாவறப்போ ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி குடுத்துட்டுப் போனாரு. அக்கா குடுக்கவே மாட்டேன்னுச்சு, அப்பா ஞாபகம்னு. கனகம் நெலமைய சொல்லி, கால்ல வுழாத கொறையா வாங்கினு வந்தேன். முழு செட் சார். எண்ணிப் பாத்துக்கோங்க."

டப்பாவைத் திறந்தார்.

நான் கவிழ்த்து வைத்து முதுகைப் பார்க்கும் வழக்கத்தை மறந்துபோனேன். அந்த அக்கா அந்த டப்பாவைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது. சிவப்புத் தொப்பி சிவப்பாகவே இருந்தது. புல்தரை நேற்றுப் பெயின்ட் அடித்தது மாதிரி பச்சையாக இருந்தது. முகத்தில் விரல் பட்ட மங்கலே இல்லை. என் வேலைக்காலம் முழுவதிலும் அவ்வளவு நல்ல அட்டைகளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. முதல் பாதி இல்லாவிட்டாலும் போகிறது, இது ஒன்றே வால்வை வாங்கித் தந்திருக்கும். அந்தச் சந்தோஷத்தில்தான் ஒன்றைக் கையில் எடுத்தேன். விரலுக்கு ஓரம் கூர்மையாகத் தட்டியது.

"இது ஓரம் நல்லாத்தானே இருந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"சூப்பரா இருந்துச்சு மேடம். தொட வேணாம்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா செட்டுன்னா எல்லாம் ஒரே அளவா இருக்கணுமே? பழசு ஒரு நூல் சின்னதா, இது பெருசா இருந்தா நல்லாவா இருக்கும்? அதான் இதையும் அதே அளவுக்கு இறக்கிட்டேன்." இரண்டு பாதியையும் சேர்த்து மேஜையில் தட்டி நிறுத்திக் காட்டினார். ஐம்பதும் ஒரே அட்டை மாதிரி நின்றது.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். பிறகு, ஒன்றையும் மறைக்காமல், ஆதியோடந்தமாகச் சொன்னார். வெட்டினால் போயிற்று என்று சொன்னார். போன தடவை திருப்பி அனுப்பியது அதனால்தான், செட் இல்லாததால் இல்லை என்று சொன்னார். அக்கா கொடுத்தது வெட்டாமல் இருந்தால் எவ்வளவு பெற்றிருக்கும் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொல்ல ஆரம்பித்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. அவர் அழுததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஏழுமலை நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் கீழேயிருந்து கனகம்மாவின் குரல் வந்தது. மழைச் சத்தத்தில் ஈனமாகத்தான் கேட்டது.

"இன்னாங்க... ஆச்சா?"

"தோ, வந்துட்டேன்" என்று இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். அப்புறம் அட்டைகளை வரிசை கலையாமல் டப்பாவுக்குள் அடுக்கினார். மூடியை அழுத்தினார். சாரைத் திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று பயந்து நான் நடுவில் போய் நின்றிருந்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்? அக்காவோடத தொட்டே இருக்க மாட்டேனே."